இரண்டு முதல் சீர்

உசிலம்பட்டியில் சந்தைக்குப் போகிற வழியில், உரக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் இருக்கிறது செல்வி சீர்வரிசை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் தாய்மாமன் தூக்கிக்கொண்டு போகிற சீர்த்தட்டுகள் அங்கேதான் தயாராகும். பித்தளைத் தாம்பாளம், பழம், பலகாரம், பட்டு, வளையல், மாலை போட்ட கிடா, கொட்டுக்காரர்கள், வாணவெடி எல்லாம் உண்டு. தாய்மாமன் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் போதும். மீதியைச் சிவபாண்டி பார்த்துக்கொள்வார்.

சிவபாண்டியின் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வராது. சுபகாரியத்துக்குப் பொருள் விற்கிறவன் வாயில் அந்தச் சொல் வரலாமா என்பார். கடையில் மஞ்சள் தீர்ந்துபோனால் 'மஞ்சள் பெருகியிருக்கு' என்பார். தேங்காய் தீர்ந்தால் 'தேங்காய் நெறஞ்சிருக்கு'. தெரிந்தவர்கள் பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். தெரியாதவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவார்கள்.

அவர் மனைவி பாண்டிச்செல்வி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். தட்டு கேட்டு பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சொந்தபந்தங்கள் போன் போட்டுப் போட்டுப் புருசனின் காது காய்ச்சுப்போனதைப் பார்த்து, வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டாள். போட்டோவைப் பார், தட்டைத் தேர்ந்தெடு, நிபந்தனைகளைப் படித்து 'சம்மதம்' என்று டிக் அடி, பணத்தைக் கட்டு. அவ்வளவுதான். அவள் அக்கா மகள் முத்துமீனா மதுரை பசுமலையில் வக்கீல். நிபந்தனைகளையும், ஆர்டர் வந்ததும் தானாகப் போகிற பதிலையும் எழுதிக் கொடுத்தது அவள்தான். 'உங்கள் கோரிக்கை கிடைத்தது. பார்த்துவிட்டு உறுதி செய்கிறோம்' என்பது அந்தப் பதில்.

அந்தப் பதிலைப் படித்த நாளிலிருந்து சிவபாண்டிக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு மத்தியானம் பாண்டிச்செல்வி ஜரிகைப் பேப்பர் வாங்க மதுரை விளக்குத்தூணுக்குப் போன நேரத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி அதை மாற்றிவிட்டார். 'ஏத்துக்கிட்டோம். உங்க சீர்தான் முதல் சீர். நல்லபடியா நடக்கும்.'

நான்கைந்து மாதம் அது நல்லபடியாகத்தான் நடந்தது. படித்தவர்கள் இதயம் போட்டு அனுப்பினார்கள். பதிலைப் படித்துவிட்டு தேவாரம் ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணி அழுதேவிட்டார். பிறகு வைகாசி வந்தது.

வைகாசி வெயில் கடைத் தகரத்தில் பழுத்துக்கொண்டிருந்தது. சிவபாண்டி ஒரு பழத்தட்டுக்குக் கண்ணாடிப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பக்குவம் உண்டு. இழுத்துச் சுற்றினால் திராட்சை நசுங்கும், தளர்த்திச் சுற்றினால் ஆரஞ்சு தெருவில் ஓடும். பாண்டிச்செல்வி கம்ப்யூட்டரைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்கான விலாசங்களை வாசித்துக்கொண்டே வந்தவள், வாசிப்பதை நிறுத்தினாள்.

"ஏங்க, மலையாண்டி அண்ணனும் காசிமாயன் அண்ணனும் கூடப்பெறந்தவுகதான?"

"ஒரே வயிறு. ஆனாப் பேச்சுவார்த்தை கெடையாது."

பேச்சுவார்த்தை நின்ற கதை ஊருக்கே தெரியும். கோயில் திருவிழா ஃப்ளெக்ஸில் தம்பி காசிமாயன் படம் அண்ணன் மலையாண்டி படத்தைவிட ஒரு சாண் பெரிதாக விழுந்துவிட்டது. அச்சடித்தவன் தப்பு என்று தம்பி சொன்னான். அச்சடிக்கச் சொன்னவன் யார் என்று அண்ணன் கேட்டான். அதோடு சரி.

"அவுக தங்கச்சி நாகஜோதி பிள்ளைகளுக்குக் காதுகுத்து என்னைக்கி?"

"வார ஞாயித்துக்கெழம. வத்தலக்குண்டு ரோட்டு மண்டபம்."

"ரெண்டு பேரும் நம்மகிட்டத்தான் சீர் சொல்லியிருக்காக."

"நல்லதுதான?"

"ரெண்டு பேருக்கும் 'உங்க சீர்தான் முதல் சீர்'னு பதிலு போயிருக்கு."

சிவபாண்டி பழத்தட்டோடு சேர்த்துத் தன் இடது கையையும் சுற்றிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் எந்த மாமன் சீர் முதலில் மண்டபத்துக்குள் நுழைகிறதோ அவனுக்குத்தான் ஆலத்தி, அவனுக்குத்தான் மைக்கில் பெயர். இரண்டாவதாக வருகிறவன் சாப்பிட வந்தவன் கணக்கு. முதல் சீருக்காக மண்டை உடைந்த குடும்பங்கள் உண்டு. உடைந்த மண்டையோடு போய் சீர் இறக்கியவர்களும் உண்டு.

"இத யாருங்க மாத்துனது?"

"நாந்தான்."

"மீனா எழுதிக் குடுத்ததுக்கு என்ன கேடு?"

"நல்ல காரியத்துக்குன்னு ஒரு மனுசன் வந்து நிக்கிறான். அவனப் பாத்து 'பாத்துச் சொல்றோம்'னா வெளங்குமா? பொண்ணு பாத்துட்டுப் போனவுக சொல்ற பேச்சுல்ல அது. அத நான் எப்புடி எங் கடை வாயால சொல்லுவேன்?"

பாண்டிச்செல்வி அவர் கையைப் பேப்பரிலிருந்து பிரித்துவிட்டாள். "கெளம்புங்க. மீனாவப் போயிப் பாருங்க" என்றாள். கோபத்தில் அவளுக்குக் குரல் உயராது, தாழ்ந்துவிடும். சிவபாண்டிக்கு அதுதான் பயம்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் பிடித்துப் பசுமலை போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முத்துமீனா மாடியில் ஒரு சின்ன அறையை ஆபீசாக வைத்திருந்தாள். சுக்குமல்லி காபி கொடுத்துவிட்டு, சித்தப்பா மாற்றி எழுதிய பதிலைப் போனில் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"சித்தப்பா, கடையில தட்ட அடுக்கி வச்சிருக்கீங்க. அடுக்கி வச்சதே வித்ததாகுமா?"

"அதெப்புடி ஆகும்? வாங்கய்யான்னு கூப்புடுறதுதான்."

"வெப்சைட்டும் அப்புடித்தான். கூப்புடுறது. வந்தவரு நிபந்தனையப் படிச்சு டிக் அடிச்சுப் பணங் கட்டுறாரு. அது அவரு கேக்குறது. அதுக்கு நீங்க சரின்னு சொல்றீங்க பாருங்க, அந்த எடத்துலதான் ஒப்பந்தம் முடியுது. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி நாலையும் யோசிக்கணும்ல? அதுக்குத்தான் கொஞ்சம் எடம் விட்டு எழுதிக் குடுத்தேன். நீங்க அந்த எடத்துல பந்தலப் போட்டுக் கொட்டு அடிச்சிட்டீங்க."

"நான் எங்கத்தா சொன்னேன்? மிசினுல்ல சொல்லுச்சு."

"மிசினு யாருது?"

"நம்மளுதுதான்."

"அது பேசுனா நீங்க பேசுன மாதிரி. சட்டம் அப்புடித்தான் பாக்கும்."

"அவுக கையெழுத்தே போடலயே."

"இந்த மாதிரி யாவாரத்துக்கு டிக் அடிச்சாலே போதும் சித்தப்பா."

சிவபாண்டி காபியை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது. "தெரியாம டைப் அடிச்சுட்டேன்னு சொன்னா?"

"தப்பா டைப் அடிச்சிருந்தா ஏதாச்சும் பேசிப் பாக்கலாம். நீங்க ஆசையா டைப் அடிச்சிருக்கீங்க."

"இப்ப என்னதேன் வழி?"

"ரெண்டு பேரும் மனசு ஒத்து வேற மாதிரி வச்சுக்கிருவோம்னு சொன்னாப் புது ஒப்பந்தம் போடலாம். இல்லேன்னா ரெண்டும் செல்லும். யாருக்குச் செய்யாம விடுறீங்களோ அவரு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவாரு."

"கோர்ட்டுக்குப் போனாத்தான் நான் சாமிக்குத் தேங்கா ஒடைப்பேனே. அவிய்ங்க மண்டபத்துலயே வெட்டிக்கிருவாய்ங்கத்தா."

திரும்பி வருகிற பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தும் அவருக்குக் காற்று வரவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு வந்திருக்கிற ஆர்டரில் பாதி அந்த அண்ணன் தம்பியின் சொந்தம். ஒருத்தருக்குச் சொன்ன வாக்கு பிசகினால் போதும், செல்வி சீர்வரிசை வாக்குத் தவறிய கடை என்று செல்லம்பட்டி வரைக்கும் பேச்சு போய்விடும். பிறகு தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். இந்தக் கடையை நம்பித்தான் செல்வி மாதாமாதம் வந்த சம்பளத்தை விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தான் விரலால் கெட்டதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது.

மறுநாள் சாயங்காலம் மலையாண்டி வீட்டுக்குப் போனார். மலையாண்டி தொழுவத்தில் கிடாயின் கொம்புக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு புது ஃப்ளெக்ஸ் சாய்ந்திருந்தது. அதில் மலையாண்டி கை கூப்பி நின்றார். அவர் தலைக்கு மேல், செல்வி சீர்வரிசை அனுப்பிய பதிலை அப்படியே பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள்.

"வா மாப்ள. எம்புட்டு மரியாதையா எழுதியிருக்க நீயி. மத்த கடையில எல்லாம் 'ஆர்டர் கிடைத்தது'ன்னு எலும்பத் தூக்கிப் போட்ட மாதிரி போடுறாய்ங்க. நீ எழுதுனத வாசிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு."

சிவபாண்டி தான் வந்த விசயத்தைக் கிடாயைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். மலையாண்டி எண்ணெய்க் கையைக் கிடாயின் முதுகில் துடைத்தார்.

"சரின்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்ணே."

"அம்புட்டுத்தான். ஒலகத்துல முதல்னா ஒன்னுதான்."

"காசத் திருப்பித் தாரேண்ணே."

"மருமக்கமாருக்குன்னு எடுத்து வச்ச காச வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாரதா? நீ நல்லது கெட்டது தெரிஞ்சவன்னுல்ல நெனச்சேன்."

சிவபாண்டிக்கே அது நியாயமாகப் பட்டது.

காசிமாயன் ஜேசிபி வைத்திருப்பவன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உளுந்தவடையைப் பேப்பரில் அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் ஃப்ளெக்ஸ் அண்ணனுடையதைவிடப் பெரிது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டான்.

"ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லாக் குரூப்புலயும் போட்டாச்சுண்ணே. இனிமே மாத்துனா எம் மானம் போயிரும். நிபந்தனையெல்லாம் முழுசாப் படிச்சுட்டுத்தான் டிக் அடிச்சேன். பதினோராவது நிபந்தனை என்ன சொல்லுங்க பாப்போம்?"

சிவபாண்டிக்கு முதல் நிபந்தனையே தெரியாது. "வயசுல மூத்தவரு, அவரு கொஞ்சம் முன்னாடி போகட்டுமேப்பா" என்றார்.

"மூத்தவரு முன்னாடிப் போகட்டும்ணே, சுடுகாட்டுக்கு. சீருக்கு நாந்தான்." சொல்லி முடித்ததும் காசிமாயன் முகம் கறுத்துப்போனது. வடையைக் கீழே வைத்தான். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா என் வாயில என்ன வருது பாருங்க. நல்லா இருக்கட்டும், நூறு வருசம் இருக்கட்டும். ஆனாப் பின்னாடி வரட்டும்" என்றான்.

அப்படியாகச் சனிக்கிழமை விடிந்தது. கடையில் தட்டுகள் இரண்டு பக்கமாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் சிவபாண்டி, மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைப் போல எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பாண்டிச்செல்வி வக்கீல் எழுதிய பழைய பதிலையே வெப்சைட்டில் திரும்பப் போட்டுவிட்டு, இனி அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுத்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லியிருந்தாள்.

பத்து மணி வாக்கில் நாகஜோதி வந்தாள். தையல் மிசினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். தோளில் சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. இரண்டு அண்ணன்மாரின் ஃப்ளெக்ஸும் மண்டப வாசலில் எதிரெதிராக நிற்பதைப் பார்த்துவிட்டு வருகிறாளாம்.

"செல்வியக்கா, இந்தச் சீரு யாருக்கு?"

"ஓம் பிள்ளைகளுக்கு."

"வாங்குறது யாரு?"

"நீதான்."

"ஆலத்தி எடுக்கப்போறது யாரு? அந்தா, அவுக டிக் அடிச்சாக, இவுக டிக் அடிச்சாக, இந்த அண்ணே பதிலு எழுதுனாக. எங்கிட்ட எவனாச்சும் சம்மதமான்னு கேட்டீகளா?"

சிவபாண்டி எழுந்து நின்றார். ஊரெல்லாம் சுற்றி, மதுரை வரைக்கும் போய், அந்த வாசலை மட்டும் அவர் தட்டவில்லை. "தப்புதாந்தா" என்றார்.

"அந்த நிபந்தனையெல்லாம் நீங்களேதான் எழுதுவீகளா? நான் சொன்னா எழுதுவீகளா?"

பாண்டிச்செல்வி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். நாகஜோதி நின்றபடியே சொன்னாள். பாண்டிச்செல்வி அதை எழுத்துத் தமிழாக்கி அடித்தாள்.

'நாகஜோதி வீட்டுக் காதுகுத்துக்கு முதல் சீர் ஒன்றே. முதல் தாம்பாளமும் ஒன்றே. அதை அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து தூக்கி வர வேண்டும். மைக்கில் இரண்டு பெயரும் ஒரே மூச்சில் சொல்லப்படும். ஒருவர் மட்டும் சம்மதித்தால் அவரே தனியாகத் தூக்குவார். விளக்கு வைப்பதற்குள் இருவருமே சம்மதிக்காவிட்டால், தாம்பாளத்தை மண்டபத்து வாட்ச்மேன் தூக்கி வருவார்.'

முத்துமீனாவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினார்கள். பழைய ஒப்பந்தம் இரண்டும் இதோடு முடிந்தது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். பிறகு இழுத்தாள். "சித்தி, அந்த 'ஒருவர் மட்டும்'ங்குறது இருக்கே, சம்மதிக்காதவரு பழசப் புடிச்சுக்கிட்டு வந்தா அது கோர்ட்டுல நிக்காது."

"கோர்ட்டுல எதுக்கு நிக்கணும்?" என்றாள் நாகஜோதி. "எங்கண்ணனுக முன்னாடி நின்னாப் போதும்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். அனுப்பிவிட்டு மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவபாண்டி எல்லாச் சாமியையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நேர்த்திக்கடனுக்கு எதை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். எதிர்க் கடையில் வாங்கிய பணியாரம் தொடுவாரில்லாமல் கிடந்தது. நாகஜோதி மட்டும் ஒன்றை எடுத்துக் காரச் சட்டினியில் முக்கிச் சாப்பிட்டாள்.

"நீங்க சாப்புடுங்கண்ணே. எங்கண்ணனுகளப் பத்தி எனக்குத் தெரியாதா? இப்ப ரெண்டு பேரும் 'வேணாம்'னு போனத் தூக்கித் தூர வச்சிருப்பாக. கொஞ்ச நேரஞ் செண்டு, 'அவன் டிக் அடிச்சுட்டா என்னாகும்'னு நெனப்பு வரும். அதுக்கப்பறம் இருப்புக்கொள்ளாது."

அவள் இரண்டாவது பணியாரத்தை எடுப்பதற்குள் காசிமாயனின் டிக் வந்துவிட்டது. அதைப் பார்த்துச் சிவபாண்டி மூச்சு விடுவதற்குள் மலையாண்டியின் டிக்கும் வந்தது. முந்தினவர் யார் என்று பாண்டிச்செல்வி பார்க்கப் போனாள். நாகஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத மட்டும் பாக்காதீகக்கா" என்றாள்.

உடனே சிவபாண்டியின் போன் அடித்தது. மலையாண்டி.

"மாப்ள, அவசரமா டிக் அடிக்கச் சொல்லி எம் பொண்டாட்டிய அடுப்படியில இருந்து இழுத்தாந்திருக்கேன். நீ என்னடான்னா 'பார்த்துவிட்டு உறுதி செய்கிறோம்'னு போட்டிருக்க. என்னத்தப் பாக்கப்போற?"

அதற்குள் கடைப் போனும் அடித்தது. எடுத்த பாண்டிச்செல்வி காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். காசிமாயன் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். சிவபாண்டிக்கு 'ஏத்துக்கிட்டோம்ணே' என்று சொல்ல நாக்கு துடித்தது. மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், நாகஜோதியைக் காட்டினாள்.

"பாக்கட்டும்னு சொல்லுங்க" என்றாள் நாகஜோதி, விரலைச் சப்பிக்கொண்டே. "விளக்கு வைக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் கொஞ்சம் வேகட்டும்."

சிவபாண்டி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சுபகாரியத்துக்கு, "பாத்துச் சொல்றோம்ணே" என்றார். சொல்லிவிட்டுப் பார்த்தால் வானம் இடிந்து விழவில்லை. விளக்கு வைத்ததும் முதல் வேலையாக இரண்டு பேருக்கும் உறுதி செய்து அனுப்பினார்கள். நாகஜோதிதான் அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புழுக்கம். மேற்கே மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரமாகச் சீர் இறங்கியது. அண்ணன் தட்டுகள் ஒரு வரிசை, தம்பி தட்டுகள் ஒரு வரிசை. இரண்டு கிடாய்களும் ஒன்றன் மாலையை ஒன்று தின்றுகொண்டிருந்தன. பின்வாசலில் கறிச்சோற்றுக்கு மசால் வதங்குகிற வாசம் சாலை வரைக்கும் வந்தது.

முதல் தாம்பாளத்துக்குச் சிவபாண்டி கடையிலேயே பெரியதை எடுத்திருந்தார். ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதில் தேங்காய், வெற்றிலைபாக்கு, மஞ்சள், வெல்லம், பட்டு, பிள்ளைகளுக்குக் கம்மல் என்று கனம் குறையாமல் அடுக்கியிருந்தார். அண்ணனும் தம்பியும் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஒருவர் கிழக்கே பார்த்தார், ஒருவன் மேற்கே பார்த்தான். சொந்தக்காரர்கள் சண்டையைப் பார்க்க வசதியாகச் சாலையின் இரண்டு பக்கமும் இடம் பிடித்திருந்தார்கள். சிவபாண்டி தேங்காயைத் தாம்பாளத்தின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார்.

"தூக்குங்கண்ணே" என்றார். யாரை என்று சொல்லவில்லை.

தூக்கினார்கள். கொட்டு கிளம்பியது. மலையாண்டிக்குக் கால் கொஞ்சம் மெல்ல வரும், காசிமாயன் எட்டி நடக்கிறவன். முதலில் தாம்பாளம் ஒரு பக்கம் இழுத்தது, தேங்காய் உருளப் பார்த்தது. காசிமாயன் அண்ணனைப் பார்க்காமலே நடையைக் குறைத்தான். மலையாண்டி தம்பியைப் பார்க்காமலே கொஞ்சம் எட்டிப் போட்டார். பாதி தூரம் போவதற்குள் கால்கள் ஒன்றுபோல் விழுந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சப்பென்று ஆகிப்போய்ப் பந்திக்கு இடம் பிடிக்கக் கிளம்பினார்கள்.

மண்டப வாசலில் நாகஜோதி ஆலத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் பாண்டிச்செல்வி கற்பூரமும் தீப்பெட்டியும் வைத்திருந்தாள். தாம்பாளம் மறைத்ததில் வாசல்படி காசிமாயன் கண்ணுக்குத் தெரியவில்லை.

"படி இருக்கு, பாத்து" என்றார் மலையாண்டி.

டீக்கடைக்காரரையும் பஸ் கண்டக்டரையும் முன்பின் தெரியாதவர்களையும் வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிற காசிமாயன், சொந்த அண்ணனை அந்தச் சொல்லால் கூப்பிட்டு வருசக்கணக்காகிறது. படியில் காலைத் தூக்கி வைத்தான்.

"தெரியும்ணே" என்றான்.

நாகஜோதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "கற்பூரப் பொகை கண்ணுல பட்டுருச்சுக்கா" என்றாள். பாண்டிச்செல்வி அப்போதுதான் தீக்குச்சியை உரசினாள்.